விரல் பட்ட இடத்தை ஜாவாஸ்கிரிப்ட் எப்படிச் சொல்கிறது?

வலைப்பக்கத்தில் ஒரு கையெழுத்துப் பெட்டி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கேன்வாஸ் (படம் வரையும் பரப்பு), அதன் மேல் மவுஸை இழுத்தால் கோடு விழ வேண்டும், அவ்வளவுதான். கணினியில் நன்றாக வேலை செய்கிறது. சரி, போனுக்கும் வேண்டுமே என்று மவுஸ் நிகழ்வுகளின் (பயனர் ஏதாவது செய்ததும் பிரவுசர் நிரலுக்கு அனுப்பும் தகவல்களின்) பெயர்களை மட்டும் தொடு நிகழ்வுகளாக மாற்றிவிட்டு, விரலால் இழுத்துப் பார்க்கிறீர்கள். ஒரு புள்ளிகூட விழவில்லை. நிரலின் பிழைகளைக் காட்டும் கன்சோலிலும் செய்தி எதுவும் இல்லை.

இந்த இடத்தில் பலரும் போனையோ பிரவுசரையோ சந்தேகிப்பார்கள். ஆனால் கோளாறு அங்கே இல்லை. மவுஸ் நிகழ்வில் கிளையன்ட்எக்ஸ், கிளையன்ட்ஒய் என்ற இரண்டு எண்கள் நேரடியாகவே இருக்கும். தொடு நிகழ்வில் அவை அந்த இடத்தில் இல்லை. இல்லாத பண்பைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் சண்டை போடாது, 'அன்டிஃபைன்டு' என்று கொடுத்துவிட்டுப் போய்விடும். அதிலிருந்து பெட்டியின் இடது ஓரத்தைக் கழித்தால் கிடைப்பது 'நேன்', அதாவது எண்ணே அல்லாத ஒரு மதிப்பு. கோடு போடும் கட்டளைக்கு நேன் கொடுத்தால் கேன்வாஸ் அந்தக் கட்டளையைச் சத்தமில்லாமல் தள்ளிவிட வேண்டும் என்று அதன் விதிமுறையிலேயே இருக்கிறது. அதனால்தான் பிழையும் இல்லை, கோடும் இல்லை. ஒரு படத்தை விரலோடு நகர்த்தப் பார்த்தாலும் இதே கதைதான்: பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ்ஸில் இடது தூரமாக நேன் போய் உட்கார்ந்தால் பிரவுசர் அதைச் செல்லாத மதிப்பு என்று ஒதுக்கிவிடும்.

மேலே போவதற்கு முன் ஒரு சின்னக் குறிப்பு. நிரலில் இந்தப் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும். இங்கே ஒலிப்பை மட்டும் தருகிறேன். படிக்க வசதியாக இடைவெளி விட்டிருந்தாலும் நிரலில் சேர்த்தே எழுதுங்கள். விரல் பட்டதும் வரும் டச்ஸ்டார்ட் போன்ற நிகழ்வுப் பெயர்கள் முழுக்கச் சிறிய எழுத்து. பண்புகளின் பெயர்களில் இரண்டாவது சொல்லிலிருந்து முதல் எழுத்து பெரியது, கிளையன்ட்எக்ஸில் வரும் எக்ஸும் அப்படித்தான். இதில் தப்பினாலும் கிடைப்பது அதே அன்டிஃபைன்டுதான்.

மவுஸ் ஒன்றுதான் இருக்கும், அதனால் நிகழ்வுக்கு ஓர் இடம் போதும். விரல்கள் அப்படி இல்லை. ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று, ஏன், பத்துகூடத் திரையில் இருக்கலாம். ஆகவே தொடு நிகழ்வு தன்னிடம் ஓர் இடத்தை வைத்துக்கொள்வதற்குப் பதிலாகப் பட்டியல்களை வைத்திருக்கிறது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றும் ஒரு தொடுபுள்ளி, அதாவது ஒரு விரல். ஆயத்தொலைவுகள் அந்தத் தொடுபுள்ளிக்குள்தான் இருக்கின்றன. எனவே நிகழ்வு, அதற்குள் டச்சஸ் என்ற பட்டியல், அதில் 0 ஆவது இடம், அதற்குள் கிளையன்ட்எக்ஸ் என்று படிப்படியாக உள்ளே போக வேண்டும். மேலே சொன்ன கையெழுத்துப் பெட்டி இந்த ஒரு மாற்றத்திலேயே கோடு போடத் தொடங்கிவிடும்.

'பட்டியல்கள்' என்று பன்மையில் சொன்னேன். மூன்று இருக்கின்றன. டச்சஸ் என்பது இப்போது திரையைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லா விரல்களும். டார்கெட் டச்சஸ் என்பது அவற்றில் உங்கள் எலிமென்டின் (பக்கத்தில் உள்ள பெட்டி, பொத்தான் போன்ற ஒரு பகுதியின்) மேல் தொடங்கிய விரல்கள் மட்டும். சேஞ்ச்டு டச்சஸ் என்பது இந்த நிகழ்வு வரக் காரணமான விரல்கள், அதாவது இப்போது புதிதாக வைத்த, நகர்ந்த, அல்லது எடுத்த விரல்கள். போனைப் பிடித்திருக்கும் இடது கைக் கட்டைவிரல் திரையின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருக்க, வலது கை பெட்டிக்குள் கையெழுத்துப் போடுகிறது என்றால் டச்சஸில் இரண்டு, டார்கெட் டச்சஸில் ஒன்று. அந்தக் கட்டைவிரல் முதலில் பட்டிருந்தால் டச்சஸின் 0 ஆவது இடத்தில் அதுதான் இருக்கக்கூடும். கையெழுத்து கோணல்மாணலாகத் திரையின் ஓரத்துக்கு ஓடுகிறது என்று புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒரு விரலை மட்டும் எதிர்பார்க்கும் பெட்டிக்கு டார்கெட் டச்சஸ்தான் பாதுகாப்பு.

விரலை எடுக்கும் கணத்தில்தான் அடுத்த குழப்பம். டச்எண்ட் நிகழ்வில் டச்சஸின் 0 ஆவது இடத்திலிருந்து கிளையன்ட்எக்ஸைக் கேட்டால் நிரல் பிழையோடு நின்றுவிடும். யோசித்தால் நியாயம்தான்: டச்சஸில் இருப்பவை இப்போது தொட்டுக்கொண்டிருக்கும் விரல்கள், அந்த விரலோ போய்விட்டது. பட்டியல் காலி. எடுத்த விரல் கடைசியாக எங்கே இருந்தது என்பது சேஞ்ச்டு டச்சஸில் இருக்கும். டச்கேன்சலுக்கும் இது பொருந்தும். திரைத் தொடுகையை போனின் வேறு ஏதாவது வேலை பறித்துக்கொண்டால் டச்எண்ட் வராமல் டச்கேன்சல் வரும். அதைக் கவனிக்காத நிரல், விரல் இன்னும் கீழேதான் இருக்கிறது என்று நம்பிக்கொண்டே இருக்கும்.

இந்தப் பட்டியல்கள் பார்க்க வரிசை மாதிரி இருந்தாலும் ஜாவாஸ்கிரிப்டின் அசல் வரிசை அல்ல. வரிசைகளுக்கான மேப், ஃபில்டர் போன்ற கட்டளைகள் இவற்றின் மேல் வேலை செய்யாது. அர்ரே ஃப்ரம் (இதில் மட்டும் இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு புள்ளி) கொண்டு அசல் வரிசையாக மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

இனி ஆயத்தொலைவுகளுக்கு வருவோம். ஒவ்வொரு தொடுபுள்ளியிலும் மூன்று ஜோடி எண்கள் இருக்கின்றன: கிளையன்ட், பேஜ், ஸ்கிரீன். மூன்றுமே ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன, எந்த மூலையிலிருந்து அளக்கிறோம் என்பது மட்டும்தான் வேறு. மூன்றிலும் எக்ஸ் வலப்பக்கம் போகப் போகக் கூடும், ஒய் கீழே போகப் போகக் கூடும். பள்ளிக்கூட வரைபடத்தாளில் ஒய் மேல்நோக்கிப் போகும் என்பதை இங்கே மறந்துவிட வேண்டும்.

கிளையன்ட் என்பது பிரவுசரில் பக்கம் தெரியும் பகுதியின் இடது மேல் மூலையிலிருந்து அளப்பது. பக்கத்தை எவ்வளவு ஸ்க்ரோல் செய்திருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. பேஜ் என்பது முழுப் பக்கத்தின் தொடக்கத்திலிருந்து அளப்பது, ஆகவே ஸ்க்ரோல் செய்த தூரமும் சேரும். ஸ்கிரீன் என்பது சாதனத்தின் திரை மூலையிலிருந்து அளப்பது. வலைப்பக்க வேலைக்கு இந்த மூன்றாவது அநேகமாகத் தேவைப்படுவதே இல்லை, விட்டுவிடலாம்.

எண்களோடு பார்த்தால் தெளிவாகும். பக்கத்தை 600 பிக்சல் கீழே ஸ்க்ரோல் செய்திருக்கிறோம். கையெழுத்துப் பெட்டி இப்போது தெரியும் பகுதியில் இடது ஓரத்திலிருந்து 26, மேலிருந்து 140 பிக்சல் தள்ளி நிற்கிறது. விரல் படுகிறது. கிளையன்ட்எக்ஸ் 146, கிளையன்ட்ஒய் 200. பேஜ்எக்ஸ் அதே 146, ஏனென்றால் பக்கவாட்டில் ஸ்க்ரோல் இல்லை. பேஜ்ஒய் மட்டும் 200 உடன் 600 சேர்ந்து 800.

ஆனால் நமக்கு உண்மையில் வேண்டியது இவற்றில் எதுவுமே இல்லை. பெட்டிக்குள் விரல் எங்கே பட்டது என்பதுதான் வேண்டும். மவுஸ் நிகழ்வில் இதற்கென்றே ஆஃப்செட்எக்ஸ், ஆஃப்செட்ஒய் உண்டு. தொடுபுள்ளியில் அது கிடையாது, நாமே கணக்கிட வேண்டும். எலிமென்டிடம் கெட் பவுண்டிங் கிளையன்ட் ரெக்ட் என்று கேட்டால் அது தன் இடது, மேல், அகலம், உயரம் எல்லாவற்றையும் சொல்லும். பெயரிலேயே கிளையன்ட் இருக்கிறது பாருங்கள். அதுவும் தெரியும் பகுதியின் மூலையிலிருந்தே அளக்கிறது. ஆகவே அதைக் கழிக்க வேண்டியது கிளையன்ட் எண்களிலிருந்துதான், பேஜ் எண்களிலிருந்து அல்ல. 146 இல் 26 போனால் 120. 200 இல் 140 போனால் 60. பெட்டிக்குள் விரல் பட்ட இடம் (120, 60).

பக்கம் திறக்கும்போது ஒருமுறை இந்த அளவைக் கேட்டு வைத்துக்கொண்டு எப்போதும் அதையே பயன்படுத்தும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரோல் செய்த அடுத்த நொடியே அந்த எண் பழசாகிவிடும். ஒவ்வொரு டச்ஸ்டார்ட்டிலும் புதிதாகக் கேளுங்கள். செலவு மிகக் குறைவு.

கேன்வாஸாக இல்லாமல் சாதாரண எலிமென்டாக இருந்தால் வேலை இங்கே முடிந்தது. கேன்வாஸுக்கு இன்னொரு படி இருக்கிறது, பெரும்பாலானோர் வழுக்கி விழுவதும் இங்கேதான். கேன்வாஸுக்கு இரண்டு அளவுகள் உண்டு. ஒன்று அதன் உள் அளவு, அதாவது அதில் எத்தனை பிக்சல் அகலம், எத்தனை பிக்சல் உயரம் என்பது. நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது 300க்கு 150. மற்றொன்று சிஎஸ்எஸ் அதைத் திரையில் எவ்வளவு பெரிதாகக் காட்டுகிறது என்பது. சிஎஸ்எஸ்ஸில் 360க்கு 180 என்று கொடுத்தால் உள் அளவு மாறாது; 300க்கு 150 ஆக இருக்கும் படத்தை பிரவுசர் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான். நம் (120, 60) திரை அளவில் எடுத்தது. கேன்வாஸோ தன் உள் அளவில் வரைகிறது. ஆகவே உள் அகலத்தைத் திரை அகலத்தால் வகுத்துப் பெருக்க வேண்டும்: 120 × 300 ÷ 360 = 100. உயரத்துக்கும் அப்படியே: 60 × 150 ÷ 180 = 50. வரைய வேண்டிய இடம் (100, 50). இதைச் செய்யாமல் (120, 60) என்றே கொடுத்தால் கோடு திரையில் (144, 72) இல் போய் விழும். விரலை விட்டு 24 பிக்சல் வலப்பக்கம், 12 பிக்சல் கீழே.

இதிலிருந்து ஒரு நல்ல வழக்கம் கிடைக்கிறது. கோடு விரலுக்குக் கீழே விழவில்லை என்றால் உடனே எண்களைக் கூட்டிக் குறைத்துச் சரிகட்டப் பார்க்காமல், எப்படி விலகுகிறது என்று முதலில் கவனியுங்கள். பெட்டிக்குள் எங்கே தொட்டாலும் ஒரே தூரம் விலகினால், பெட்டியின் மூலையைக் கழிக்க மறந்திருக்கிறீர்கள். இடது ஓரத்தில் சரியாக இருந்து வலப்பக்கம் போகப் போக விலகல் கூடினால், அளவு விகிதத்தைப் பெருக்கவில்லை. பக்கத்தின் உச்சியில் சரியாக இருந்து ஸ்க்ரோல் செய்தபின் மட்டும் கெட்டுப்போனால், கிளையன்டையும் பேஜையும் கலந்திருக்கிறீர்கள், அல்லது பழைய அளவை வைத்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டு பிக்சல் மட்டும் எப்போதும் தள்ளி நின்றால், பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் பார்டர் போட்டிருப்பீர்கள். மேலே கேட்ட அளவில் பார்டரும் சேர்ந்தே வரும், கேன்வாஸோ பார்டருக்கு உள்ளேதான் தொடங்குகிறது.

இதுவரை சொன்ன பிக்சல் எல்லாம் சிஎஸ்எஸ் பிக்சல், திரையில் உள்ள உண்மையான ஒளிப்புள்ளிகள் அல்ல. முதல் ஐபோனின் திரை அகலம் 320 புள்ளிகள். 2010 இல் வந்த ஐபோன் 4 இல் அது 640 ஆனது. ஆனாலும் வலைப்பக்கங்களுக்கு அகலம் 320 ஆகவே காட்டப்பட்டது, ஒவ்வொரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கும் அகலத்தில் இரண்டு, உயரத்தில் இரண்டு புள்ளிகள் என்ற கணக்கில். தொடுபுள்ளி தரும் எண்களும் இந்த சிஎஸ்எஸ் கணக்கில்தான் வரும். கோடு மங்கலாகத் தெரிகிறது என்று கேன்வாஸின் உள் அளவை டிவைஸ் பிக்சல் ரேஷியோவால் (ஒரு சிஎஸ்எஸ் பிக்சலின் அகலத்தில் எத்தனை புள்ளிகள் என்ற எண்ணால்) பெருக்கிப் பெரிதாக்குபவர்கள் உண்டு, நல்ல பழக்கம்தான். மேலே சொன்ன விகிதப் பெருக்கல் நிரலில் இருந்தால் அதையும் அதுவே சமாளித்துக்கொள்ளும்.

மவுஸுக்கும் விரலுக்கும் இன்னொரு வித்தியாசம். மவுஸ் பெட்டியை விட்டு வெளியே போனால் பெட்டிக்கு வரும் நிகழ்வுகள் நின்றுவிடும். விரல் அப்படி இல்லை. எந்த எலிமென்டின் மேல் தொட ஆரம்பித்ததோ, விரலை எடுக்கும்வரை எல்லா நிகழ்வும் அதற்கே போகும். ஆகவே கணக்கிட்ட எண் குறையெண்ணாகவோ பெட்டியின் அகலத்தை விடப் பெரிதாகவோ வந்தால் திகைக்க வேண்டாம். விரல் வெளியே போயிருக்கிறது. விரலுக்குக் கீழே இப்போது என்ன எலிமென்ட் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், உதாரணத்துக்கு ஒரு பொருளை இழுத்துக் கூடையில் போடும் விளையாட்டில், டாக்குமென்டிடம் எலிமென்ட் ஃப்ரம் பாயின்ட் என்று கேட்க வேண்டும். அதற்கும் கொடுக்க வேண்டியது கிளையன்ட் எண்களே.

பல விரல்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் ஐடென்டிஃபயர் என்று ஓர் எண் உண்டு, வங்கியில் கொடுக்கும் டோக்கன் மாதிரி. விரல் வைத்ததிலிருந்து எடுக்கும்வரை அது மாறாது. பட்டியலில் இருக்கும் இடம் மாறலாம், எனவே விரலை அடையாளம் காண இந்த எண்ணையே நம்புங்கள். அது 0, 1 என்றுதான் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அப்புறம், தொடுபுள்ளிப் பொருளையே பின்னால் பயன்படுத்தலாம் என்று எடுத்து வைக்காமல், வேண்டிய எண்களை மட்டும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் உள்ள சஃபாரி போன்றவை அதே பொருளை அடுத்த நிகழ்விலும் திரும்பப் பயன்படுத்தும்; நீங்கள் பழையது என்று நினைத்தது புதிய இடத்தைச் சொல்லும்.

எண்கள் சரியாக வந்துவிட்டன. ஆனால் கையெழுத்துப் போடும்போது பக்கம் மேலும் கீழும் ஓடுகிறது. பிரவுசருக்கு அது ஸ்க்ரோல் மாதிரி தெரிகிறது, அதன் மேல் தப்பில்லை. டச்மூவில் பிரிவென்ட் டிஃபால்ட் (பிரவுசரின் வழக்கமான செயலைத் தடுக்கும் கட்டளை) அழைத்தால் நிற்கும் என்று பழைய பாடங்களில் இருக்கும். லிசனரை (நிகழ்வுக்காகக் காத்திருக்கும் நிரல் துண்டை) அந்தப் பெட்டியின் மேலேயே வைத்திருந்தால் நிற்கும். விண்டோ, டாக்குமென்ட், பாடி ஆகியவற்றின் மேல் வைத்தால், 2017 இல் வந்த குரோம் 56 முதல் நிற்காது. ஸ்க்ரோல் தடங்கல் இல்லாமல் ஓட வேண்டும் என்பதற்காக அந்த லிசனர்கள் தாமாகவே 'பேசிவ்' ஆக்கப்பட்டுவிட்டன. தடுக்கச் சொன்னாலும் பிரவுசர் கேட்காது. பேசிவ் ஃபால்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். அதைவிட எளிய வழி சிஎஸ்எஸ்ஸில் அந்தப் பெட்டிக்கு மட்டும் 'டச்-ஆக்ஷன்: நன்' என்று எழுதுவது, அதாவது இங்கே தொட்டால் பிரவுசர் தானாக எதுவும் செய்ய வேண்டாம் என்பது. முழுப் பக்கத்துக்கும் எழுதிவிடாதீர்கள், அப்புறம் யாராலும் ஸ்க்ரோல் செய்ய முடியாது.

மவுஸ் லிசனரும் டச் லிசனரும் இரண்டும் வைத்தால் போனில் ஒரு தட்டுக்கு இரண்டு புள்ளி விழலாம். பழைய பக்கங்கள் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக, விரலால் தட்டியதும் பிரவுசர் போலியாக மவுஸ் நிகழ்வுகளையும் அனுப்பி வைக்கிறது. டச்எண்ட்டில் பிரிவென்ட் டிஃபால்ட் அழைத்தால் அவை வராது.

இவ்வளவு சிரமமா என்று கேட்டால், இன்று புதிதாக எழுதுபவருக்கு வேண்டியதில்லை. தொடு நிகழ்வுகளை ஆப்பிள் தன் ஐபோனின் சஃபாரிக்காக 2008 இல் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதையே பின்பற்ற, வலைத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2013 இல் அதைத் தரநிலையாக வெளியிட்டது. இதற்கிடையில் மைக்ரோசாஃப்ட், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10 இல் வேறு வழியில் போயிருந்தது: மவுஸ், விரல், பேனா எல்லாவற்றுக்கும் ஒரே நிகழ்வு. அதிலிருந்து பிறந்த பாயின்டர் நிகழ்வுகள் 2015 இல் தரநிலையாயின. 2019 இல் சஃபாரி 13 உம் ஏற்றுக்கொண்டபின் எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் அது இருக்கிறது.

பாயின்டர் நிகழ்வில் பட்டியல் இல்லை. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனி நிகழ்வு. கிளையன்ட்எக்ஸ் மவுஸில் போலவே நேரடியாக இருக்கும், ஆஃப்செட்எக்ஸும் உண்டு. எந்த விரல் என்பதற்கு பாயின்டர்ஐடி, விரலா மவுஸா பேனாவா என்பதற்கு பாயின்டர்டைப். கையெழுத்துப் பெட்டியை இப்படி எழுதினால் ஒரே நிரல் கணினிக்கும் போனுக்கும் போதும். நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். ஆனால் ஏற்கனவே எழுதப்பட்ட நிரல்களில் டச்ஸ்டார்ட் ஏராளமாக இருப்பதால் பட்டியல்களைப் புரிந்துவைத்திருப்பது வீண்போகாது. மூலையைக் கழிப்பதும் விகிதத்தைப் பெருக்குவதும் இங்கும் மாறவில்லை. ஆஃப்செட்எக்ஸை எடுத்தால் கழிக்க வேண்டியதில்லை, ஆனால் பெருக்கத்தான் வேண்டும்.

பாயின்டருக்கு மாறியவர்கள் முதலில் கேட்கும் கேள்வி: 'விரலால் இழுத்தால் ஒரு சின்னக் கோடு விழுந்து நின்றுவிடுகிறது, ஏன்?' டச்-ஆக்ஷன் எழுதவில்லை என்பதுதான் பதில். பிரவுசர் இதை ஸ்க்ரோல் என்று முடிவு செய்த கணத்தில் பாயின்டர்கேன்சல் அனுப்பிவிட்டு, அந்த விரலின் நிகழ்வுகளை உங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். இங்கே பாயின்டர்மூவில் பிரிவென்ட் டிஃபால்ட் அழைத்தும் பயனில்லை. சிஎஸ்எஸ்ஸில் எழுதினால்தான் உண்டு.

அழுத்தம் சொல்லும் பிரஷர் பண்பைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அழுத்தத்தை உணராத திரையில் தொட்டிருக்கும்வரை அது 0.5 என்றே வரும். வேகமாகக் கையெழுத்துப் போடும்போது வளைவுகள் மூலைமூலையாக உடைந்து தெரிந்தால் கெட் கோஅலெஸ்டு ஈவென்ட்ஸ் உதவும். பிரவுசர் ஒரு நிகழ்வாகச் சேர்த்து அனுப்பிய இடைப்புள்ளிகளை அது பிரித்துக் கொடுக்கும். எங்கும் இருக்கும் என்று நம்பிவிடாமல், இருக்கிறதா என்று சோதித்துவிட்டு அழையுங்கள்.

குரோமின் டெவ்டூல்ஸ் என்ற சோதனைக் கருவியில் போன் மாதிரி காட்டும் வசதி தொடு நிகழ்வுகளைப் போலியாகத் தரும், தொடக்கச் சோதனைக்கு அது போதும். ஆனால் அங்கே விரலாக நடிப்பது ஒரு மவுஸ்தான், ஓரத்தில் படும் கட்டைவிரல் அதற்குக் கிடையாது. எனவே அசல் போனிலும் பாருங்கள். போனில் கன்சோல் பார்ப்பது தொல்லை என்பதால், பக்கத்தின் மேலேயே நகராமல் நிற்கும் ஒரு பட்டையில் கிளையன்ட், பேஜ், பெட்டியின் இடது, மேல், கணக்கிட்டு வந்த எண் ஆகிய எல்லாவற்றையும் எழுதிக் காட்டச் செய்யுங்கள். ஓரிடத்தைத் தொடுங்கள், கொஞ்சம் கீழே ஸ்க்ரோல் செய்யுங்கள், திரையில் அதே இடத்தை மறுபடி தொடுங்கள். கிளையன்ட்ஒய் அநேகமாக அப்படியே நிற்க, பேஜ்ஒய் கூடியிருக்கும், பெட்டியின் மேல் எண் அதே அளவு குறைந்திருக்கும்.